சிவப்புக் கட்டம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கட்டக்கா என்று பெயர். கட்டுரைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுகிறவர் என்பதால் நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். முதலில் முறைத்தார். பிறகு போனில் பேசும்போதே, "கட்டக்கா பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவருடைய கதையை எழுத நீ யார் என்று யாராவது கேட்டால், இரண்டு வருஷம் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. முதுகு காட்டியது கோபத்தால் அல்ல. அது வேலையின் விதி.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது. குழந்தைகளுக்கு வரும் ஆட்டிசத்துக்கும் நம்மைச் சுற்றியிருக்கும் கண்டதற்கும் தொடர்பு உண்டா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. வண்டிப்புகை, பூச்சிமருந்து, தண்ணீரில் கலந்த உலோகம், பெயிண்ட், பிளாஸ்டிக் என்று ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதித் தள்ளுகிறார்கள். எது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அத்தனையையும் அள்ளி வந்து, படித்து, பிரித்து, ஒரு வரைபடமாக ஆக்குவது எங்கள் பாடு. புதிதாக நாங்கள் எதையும் கண்டுபிடிப்பதில்லை. யார் யார் எங்கே தேடியிருக்கிறார்கள், எங்கே ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று காட்டுவோம், அவ்வளவுதான்.

ஒரு கட்டுரையை இரண்டு பேர் படிக்க வேண்டும். இது வேண்டும், இது வேண்டாம் என்று தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் தலையாட்டிவிடுவார் என்று பயம். கட்டக்காவும் நானும் ஒரு ஜோடி. மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தினமும் சண்டை போடுவோம், படிக்கிற கட்டுரையைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டோம். இரண்டு பேர் முடிவும் முட்டிக்கொண்டால் மேடம் தீர்த்து வைப்பார். மேடம் என்றால் எங்கள் தலைவி, பேராசிரியை. நல்ல மனுஷி, ஆனால் பேசும்போது அடிக்குறிப்போடு பேசுவார்.

கட்டக்கா படித்தது விலங்கியல். கல்யாணத்துக்கு முன்பும் பிறகும் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். ஊரே செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்த பிறகும், ஃபிலிமை விட மாட்டேன் என்று அடம் பிடித்த சில பேருக்காக அந்த ஸ்டூடியோவில் ஒரு இருட்டறை இருந்தது. படம் கழுவுவது இவர். மகள் பிறந்ததும் வேலையை விட்டார். பேச்சு வரவில்லையே, கூப்பிட்டால் திரும்பவில்லையே என்று டாக்டர் டாக்டராக அலைந்து, ஆட்டிசம் என்று தெரிந்து, மகளோடு மகளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து, அவள் பள்ளிக்கூடத்தில் ஒருவழியாகக் காலூன்றிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

மகளுக்குப் பதின்மூன்று வயசாகியும் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். குறைவாகப் பேசுவாள், பேசினால் கறாராகப் பேசுவாள். ஒரு நாள் அவர்கள் வீட்டில், "பாப்பா, டீ குடிப்பியா?" என்று கேட்டேன். "குடிப்பேன்" என்றாள். போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் தொடவே இல்லை. ஏன் என்றால், "இப்போ வேணுமான்னு நீங்க கேட்கல" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நம்மில் பாதிப் பேர் கேட்காத கேள்விக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

அக்காவின் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அடிபட்டு நசுங்கி வரும் வண்டியைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரே அடித்து, எங்கே இடித்தது என்று சொந்தக்காரரே தேடும்படி செய்து கொடுப்பார். வாய் ஓயாத ஆள். "உங்க அக்கா கட்டத்துக்குள்ள கலர் அடிக்கிறா, நான் கட்டமில்லாம அடிக்கிறேன், ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தின்னர் வாசனை நுழைந்துவிடும்.

எங்கள் வரைபடத்தில் மலையும் ஆறும் கிடையாது. வெறும் கட்டங்கள். இடப்பக்கம் பொருள்கள் வரிசையாக இருக்கும்: புகை, பூச்சிமருந்து, உலோகம், பெயிண்ட்டும் தின்னரும், இப்படி. மேலே காலம்: கருத்தரிக்கும் முன், கர்ப்பத்தில், பிறந்த பிறகு. ஒரு கட்டுரை எந்தப் பொருளைப் பற்றி, எந்தக் காலத்தைப் பற்றி என்று பார்த்து அந்தக் கட்டத்தில் போட வேண்டும். கட்டுரை சேரச் சேரக் கட்டம் சிவக்கும். கட்டுரையே இல்லாத கட்டம் வெள்ளையாகக் கிடக்கும். தொட்டால் அதற்குள் இருக்கும் கட்டுரைகளின் பெயர்கள் வரிசையாக விரியும்.

இதில் ஒரு விஷயத்தை மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். சிவப்பு என்பது எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்கு. என்ன கிடைத்தது என்பது அல்ல. சிவந்து கிடக்கும் கட்டத்தில் பாதிக்குப் பாதிப் பேர் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கலாம். வெள்ளைக் கட்டத்தில் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கலாம், தேடத்தான் ஆளில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கட்டக்காதான் இதைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுப்பார். "வெள்ளைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல. அங்க யாரும் போகலன்னு அர்த்தம்" என்பார். நான் கூடவே உதட்டை அசைப்பேன். அத்தனை தடவை கேட்டாயிற்று.

முதலில் அந்த நிறம் நீலமாகத்தான் இருந்தது. கூடத்தில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது வெளுத்துப்போன துணி மாதிரி தெரிந்தது. "சிவப்பு போடுங்க மேடம், கடைசி வரிசையில இருக்கிறவருக்கும் பளிச்சுனு தெரியும்" என்று சொன்னவர் கட்டக்கா. நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். எங்களுக்குச் சிவப்பு என்றால் அங்கே வேலை நடந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கட்டம் நன்றாகச் சிவந்துவிட்டால் டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடியிருக்கிறோம். வெளியே தெருவில் நடக்கிற மனுஷனுக்குச் சிவப்பு என்றால் என்ன என்று அந்த அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. படித்த முட்டாள்கள் என்று திட்டுவார்களே, அதற்கு எங்களை நிற்கவைத்துப் படம் எடுக்கலாம்.

வரைபடம் வெளியான மறுநாளே ஒரு செய்தித் தளம் அதை எடுத்துப் போட்டது. அடியில் இருந்த விளக்கத்தைக் கத்தரித்துவிட்டு, மேலே கொட்டை எழுத்தில், 'ஆட்டிசம் எதனால்? சிவப்பில் இருப்பவை இவைதான்' என்று ஒரு தலைப்பு. அது போனுக்குப் போன் தாவியது. நாங்கள் விடுமுறையில் இருந்தோம், எனக்கு ஒன்றும் தெரியாது.

திங்கட்கிழமை கட்டக்கா நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. தலைகூட வாரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி என் பக்கமாக உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அவர் அப்படி உட்கார்ந்ததில்லை. 

"அவர் வீட்டுக்கு வரலடி" என்றார்.

"யாரு?"

"பாப்பாவோட அப்பா. சனிக்கிழமையிலேருந்து வரல."

சனிக்கிழமை அக்கா பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவளுக்குச் செருப்பு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது. தரை முழுக்கச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, இன்னும் ஈரம் காயவில்லை. அண்ணன் படுக்கும் மெத்தை இல்லை. நாற்காலி உறை இல்லை. அவருடைய சட்டைகள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அண்ணனே மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னாராம். திருடன் வந்தால்கூட இப்படித் துடைத்துவிட்டுப் போக மாட்டான். பாப்பா கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இங்க சட்டை இருந்துச்சு, இங்க சட்டை இருந்துச்சு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். தூங்கும்வரை நிறுத்தவில்லை.

"போன் பண்ணீங்களா?"

"பண்ணேன். பட்டறையிலேயே தங்கிக்கிறாராம். இனிமே வர மாட்டாராம். 'நான் தொட்டது எதையும் அவகிட்ட விடாத'ங்கிறார். அப்புறம் இதை அனுப்பினார்."

போனை நீட்டினார். எங்கள் வரைபடம். கொட்டை எழுத்துத் தலைப்பு. பெயிண்ட்டும் தின்னரும் என்ற வரிசையில் மூன்று கட்டமும் செக்கச்செவேல் என்று இருந்தது. அந்த வரிசையைச் சுற்றி அண்ணன் விரலால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

நான் சிரித்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். "அட, இதுக்கா? அது வெறும் எண்ணிக்கைதானே அக்கா. விஷயத்தைச் சொன்னா முடிஞ்சுது."

"சொன்னேனே. அரைமணி நேரம் சொன்னேன். தேடினவங்க கணக்குதான், கிடைச்சது இல்லன்னு எல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்."

"என்ன?"

"ஒண்ணும் இல்லாத இடத்துலயா இத்தனை பேர் போய்த் தேடுவாங்கன்னு."

பெயிண்ட் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களின் உடல்நலக் கணக்கை ஏற்கனவே எழுதி வைத்திருப்பார்கள், அதனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அங்கே தேடுவது சுலபம் என்று சொல்லலாம். ஒரே கூட்டத்துத் தாய்மார்களை வைத்துக்கொண்டு ஒரே குழு திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் யாருக்கோ முதலில் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது என்பதும் உண்மை. அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு வருஷமாக எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

நேரே மேடம் அறைக்குப் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் வந்தால் இன்னும் நீளும். போனை மேஜைமேல் வைத்தேன். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "நாம அடியில விளக்கம் தெளிவாப் போட்டிருந்தோமேம்மா" என்றார்.

"போட்டிருந்தோம் மேடம். மனுஷங்க மேலதான் பார்ப்பாங்க. அக்கா வீட்டுக்காரர் வீட்டை விட்டுப் போயிட்டார்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அந்தத் தளத்துக்குப் போன் போட்டார், யாரோ எடுத்து எதையோ சொன்னார்கள், வைத்துவிட்டார். நிறத்தை மாற்றச் சொல்லி ஆள் அனுப்பினார். என்னிடம், "நீ அவங்களைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

என் ஸ்கூட்டரில் அக்காவை உட்காரவைத்துப் பட்டறைக்குப் போனோம். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு ஓரத்தில் கம்ப்ரசர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கார், கண்ணாடிகளுக்குப் பழைய செய்தித்தாள் ஒட்டி, பாதி உடம்பு சாம்பல் நிறத்தில் நின்றது. அண்ணன் முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டு வருஷத்தில் அவரை முகமூடியோடு நான் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்ததும் கம்ப்ரசரை அணைத்துவிட்டு, கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கேயே நில்லு. மேல ஒட்டினா வீட்டுக்குக் கொண்டுபோயிடுவ."

அக்கா காருக்கு இந்தப் பக்கம் நின்றார். அவர் அந்தப் பக்கம். எப்போதும் ஏதாவது கிண்டல் செய்யும் மனுஷன், என்னைப் பார்த்து வா என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு மூலையில் சுருட்டி வைத்த போர்வையும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. அங்கேதான் படுக்கிறார் போலிருக்கிறது.

அக்கா தன் போனில் உண்மையான வரைபடத்தைத் திறந்து காரின் முன்பக்கத்தில் வைத்தார். இன்னும் நிறம் மாறாத அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தொட்டு விரித்தார். இந்தக் கட்டுரை தொடர்பு இருக்கலாம் என்கிறது, இது இல்லை என்கிறது, இதில் ஆட்கள் போதாது, இதை எழுதியவர்களே தங்களுக்கு உறுதியில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பொறுமையாகச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி. எனக்கு இத்தனை வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் காரணமா, இல்லையா?"

சொல்லித் தொலையேன் அக்கா, இல்லை என்று ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தை. அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"தெரியாது" என்றார் அக்கா. "இல்லன்னு சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல. ஆமான்னு சொல்லவும் இல்ல. யார்கிட்டயும் இல்ல."

அண்ணன் தலையை ஆட்டினார். தீர்ப்பு சொல்லியாயிற்று, இனி கிளம்பலாம் என்பது மாதிரி உப்புத்தாளைக் கையில் எடுத்தார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

அக்கா போகவில்லை. போனில் வரைபடத்தை மேலே தள்ளிக்கொண்டே போய், ஆகக் கடைசி வரிசையில் நிறுத்தினார்.

"இதைப் பாருங்க."

"என்ன இருக்கு, ஒண்ணுமே இல்லையே. வெள்ளையா இருக்கு."

"பேரைப் படிங்க."

அவர் குனிந்து பார்த்தார். படம் கழுவும் ரசாயனங்கள் என்று இருந்தது.

"இந்த வரிசையைச் சேர்க்கச் சொன்னது நான்தான்" என்றார் அக்கா. "வேலைக்குச் சேர்ந்த புதுசுல, என்னென்ன பொருள் சேர்க்கலாம்னு மேடம் எல்லாரையும் கேட்டாங்க. நான் இதைச் சொன்னேன். ஏன்னு யாரும் கேட்கல. பாப்பா வயித்துல இருந்தப்ப ஏழாம் மாசம் வரைக்கும் நான் அந்த இருட்டறையிலதானே நின்னேன்."

அந்த வரிசை எனக்குத் தெரியும். மேடத்தின் ஏதோ கிறுக்கு என்று நினைத்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி அதற்குக் காவல் இருந்திருக்கிறாள், நான் ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"புதுக் கட்டுரை வரும்போதெல்லாம் முதல்ல இதைத்தான் தேடுவேன். ஒண்ணும் இருக்காது. வெள்ளையாவே இருக்கும். அப்பாடான்னு இருக்கும். வெள்ளைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்லன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவ நான். எனக்கு மட்டும் அது சுத்தமாத் தெரிஞ்சுது. நீங்க சிவப்பைப் பார்த்து நான்தான்னு நினைச்சீங்க. நான் வெள்ளையைப் பார்த்து நான் இல்லன்னு நினைச்சேன். ரெண்டும் ஒரே தப்பு." அத்தோடு நிறுத்தினார். பிறகு, "இன்னும் இருக்கு" என்றார்.

"சொல்லு."

"உங்க வரிசை சிவக்கச் சிவக்க எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. காரணம்னு ஒண்ணு இருந்தா அது நீங்களா இருக்கட்டும், நானா இருக்க வேணாம்னு."

அந்த இடத்தில் நான் நிற்கவே கூடாது, ஆனால் நகரவும் முடியவில்லை. கையில் இருப்பதைத் தூக்கி எறியப்போகிறார், அல்லது போ என்று கத்தப்போகிறார் என்று பயந்தேன். அண்ணன் முகமூடியைக் கழற்றினார். அது அழுத்தியிருந்த இடம் கன்னத்தில் கோடாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்தார்.

"எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு" என்றார்.

"எது?"

"அந்தப் படத்தைப் பார்த்தப்போ. பாப்பாவுக்கு இப்படின்னு டாக்டர் சொன்னார் பாரு, அன்னைக்கே எனக்கு உன் இருட்டறைதான் ஞாபகம் வந்துச்சு. உன்னைக் கூட்டிட்டுப் போக வருவேனே, கதவைத் திறந்தா மூக்கைப் பிடுங்கும். நீ வயித்தைத் தள்ளிக்கிட்டு உள்ள நிப்ப. அதேதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. உன்கிட்ட கேட்கல. கேட்டா நீ தாங்க மாட்ட. ஆனா நமக்குள்ள சண்டை வர்ற நாள்ல எல்லாம் அது நாக்கு நுனி வரைக்கும் வந்துடும். முழுங்கிடுவேன். ஒரு நாள் இல்ல ஒரு நாள் கொட்டிடுவேனோன்னு பயம் எனக்கு. சனிக்கிழமை சிவப்பா என் வரிசையைப் பார்த்ததும், அப்பாடா, நான்தான், இவ இல்ல, இனிமே முழுங்க வேணாம்னு இருந்துச்சு."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. பேயறைந்த மாதிரி என்பார்களே, அப்படி. "இத்தனை வருஷமாவா?" என்று மட்டும் கேட்டார்.

"இத்தனை வருஷமாத்தான்."

ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியாகப் படிப்பது எங்கள் அலுவலகத்து விதி என்று நினைத்திருந்தேன். இவர்கள் அதை ஒரே கூரைக்குக் கீழ், ஒரே பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வரைபடத்தின்மேல், செய்தித் தளத்தின்மேல், இவர்கள் இரண்டு பேர்மேலும், எல்லாம் தெரிந்த மாதிரி இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த என்மேல். கடைசியில், "பாப்பா வர்ற நேரமாச்சு, யாராவது ஒருத்தராவது வீட்டுல இருக்கணும், கிளம்புங்க ரெண்டு பேரும்" என்று அதட்டினேன். அண்ணன் எழுந்து கையுறையைக் கழற்றி வைத்தார். அக்கா காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அவர் தடுக்கவில்லை.

வீட்டில் மெத்தை இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. பள்ளிக்கூட வண்டி வந்து பாப்பா இறங்கினாள். அப்பாவைப் பார்த்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வது எல்லாம் அவள் வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியைக் காட்டி, "சட்டையை மாட்டுங்க" என்றாள். அவர் போட்டிருந்த சட்டை முழுக்கப் பட்டித் தூள். அவர் அக்காவைப் பார்த்தார். பாப்பா காத்துக்கொண்டு நின்றாள். அவர் கழற்றி மாட்டினார். அதன் பிறகுதான் அவள் பையை இறக்கி வைத்தாள்.

நான் கிளம்பியிருக்க வேண்டும். அக்கா, "இரு, டீ போடறேன்" என்றதால் உட்கார்ந்தேன். பாப்பா அம்மாவின் போனை எடுத்தாள். பட்டறையில் திறந்த வரைபடம் அப்படியே திறந்திருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுக்களை வாசலில் போய் நின்றாள்.

"மேல ஆட்டிசம்னு போட்டிருக்கு. எனக்கு ஆட்டிசம்" என்றாள். "நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்?"

அவள் குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. ரயிலில் என் இருக்கை எது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். குழந்தை, குழந்தை என்று அந்த வார்த்தையை இரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பேன். அந்தக் குழந்தைகள் வளருவார்கள், எழுத்துக் கூட்டுவார்கள், நாங்கள் செய்து வைத்ததை ஒரு நாள் கையில் எடுத்துப் படிப்பார்கள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. புகை, விஷம், உலோகம் என்று வரிசையாகப் போட்டு, அதற்கு மேலே அவளுடைய பெயரை எழுதியது மாதிரி எழுதி வைத்திருக்கிறோம்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"எதுலயும் இல்ல பாப்பா."

"எல்லாக் கட்டத்துலயும் பார்த்தியா?"

"இது ஆளுங்க இருக்கிற இடம் இல்ல. கட்டுரைங்கதான் இருக்கு."

"பார்த்தியா, பார்க்கலையா?"

அக்காவுக்குப் பொய் வராது என்று அன்று இரண்டாவது தடவையாகத் தெரிந்துகொண்டேன். "அப்படிப் பார்க்கல" என்றார்.

"அப்போ நான் பார்க்கறேன்."

வெறும் தரையில் உட்கார்ந்தாள். முதல் வரிசையின் முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். தொட்டாள், விரித்தாள், விரலால் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே போனாள், மூடினாள். அடுத்தது. எங்கள் இரண்டு வருஷ வேலையை இவ்வளவு ஒழுங்காக யாரும் சரிபார்த்ததில்லை. டீ ஆறிப்போனது, யாரும் எடுக்கவில்லை. அண்ணன் தயங்கித் தயங்கி அவளுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தார். பெயிண்ட் வரிசை வந்தபோது அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அதில்தான் நேரம் அதிகம் ஆனது. அவள் கடைசிப் பெயர்வரை பார்த்துவிட்டு, "இதுல இல்ல" என்றாள். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை, வேலை பாக்கி இருந்தது. ஆகக் கடைசியில் அந்த வெள்ளை வரிசையைத் தொட்டாள். ஒன்றும் விரியவில்லை. மறுபடியும் தொட்டாள். "காலி" என்றாள்.

பிறகு போனை அம்மா கையில் கொடுத்தாள்.

"பார்த்துட்டேன். நான் இதுல இல்ல. பசிக்குது."

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.